ஸலூகியும் சம்சூனும்

நாயைக் கண்டதும் ஆடையைச் சுருட்டிக்கொண்டு ஒதுங்குவது நம் இல்லங்களில் வழிவழி வந்த பழக்கம். நாய் வாய் வைத்த பாத்திரத்தை ஏழு முறை கழுவ வேண்டும், அவற்றுள் ஒரு முறை மண் கலந்து கழுவ வேண்டும் என்று நம் பாட்டிமார் கற்றுக்கொடுத்ததை நாம் மறந்தோமில்லை. ஆயின், அதே பாட்டிமார் இரவில் நமக்குச் சொன்ன கதைகளுள் குகைத் தோழர்களின் வரலாறும் ஒன்று. அக்குகையின் வாசலில் முன்னங்கால்களை நீட்டிப் படுத்திருந்த நாயை அவர்கள் ஒருபோதும் விட்டுச் சொன்னதில்லை. அதன் பெயர் கித்மீர் என்பது கூட அவர்களுக்குத் தெரியும்.

பகலில் ஒதுக்கப்பட்ட பிராணி இரவுக் கதையில் எப்படி இடம் பெற்றது என்று சிறுவயதில் நாம் கேட்டதில்லை. இன்று கேட்க வேண்டியிருக்கிறது. காரணம், நம் குடும்பங்களில் புதிதாய் எழுந்துள்ள ஒரு பிணக்கு. நகரத்தில் தனி வீடு கட்டிக் குடியேறிய பிள்ளைகள் ஜெர்மன் ஷெப்பர்டு, ராட்வைலர், கிரேட் டேன் என்று ஆளுயர நாய்களை வாங்கி வருகின்றனர். ஊரிலிருந்து பேரப்பிள்ளைகளைக் காண வரும் பெரியவர் வாசலோடு திரும்பிப் போகிறார். “நாய் வளர்ப்பவன் முஸ்லிம் வீட்டுப் பிள்ளையா?” என்பது அவர் கேள்வி. “வளர்த்தால் என்ன தவறு?” என்பது பிள்ளையின் கேள்வி. தீர்ப்பு வழங்குவது ஆலிம்களின் பணி. அதில் நாம் தலையிடோம். இவ்விருவருமே அறியாத ஒரு நீண்ட வரலாறு உண்டு என்பதை மட்டும் எடுத்துக்காட்ட விரும்புகிறோம்.

முதலில் மூலங்களைப் பார்ப்போம். திருக்குர்ஆனில் நாய் மூன்று இடங்களில் பேசப்படுகிறது. அல்கஹ்ஃபு அத்தியாயத்தில் குகைத் தோழர்களின் காவலனாக வருகிறது. அல்அஃராஃபு அத்தியாயத்தில், துரத்தினாலும் விட்டுவிட்டாலும் நாக்கைத் தொங்கவிட்டு இளைக்கும் அதன் இயல்பு, இறைவசனங்களைக் கைவிட்டவனுக்கு உவமையாகிறது. மூன்றாவது, அல்மாயிதா அத்தியாயத்தின் நான்காம் வசனம். வேட்டைக்குப் பழக்கிய பிராணிகள் பிடித்துத் தருவதை இறைவன் பெயர் கூறி உண்ணலாம் என்று அனுமதிக்கும் அவ்வசனத்தில், பழக்குவோரைக் குறிக்க ஆளப்பட்டுள்ள சொல் ‘முகல்லிபீன்’ என்பது. நாய் எனப் பொருள்படும் ‘கல்பு’ என்னும் சொல்லின் அடியாகப் பிறந்தது அது. இறைவன் உங்களுக்குக் கற்பித்ததிலிருந்து நீங்கள் அவற்றுக்குக் கற்பிக்கிறீர்கள் என்ற கருத்தும் அங்கே வருகிறது. கல்விக்கு உரிய பிராணி என்னும் மதிப்பு இதனால் நாய்க்குக் கிடைத்தது எனலாம்.

வள்ளல் ஹாத்திம் தாயியின் மகனார் அதீ இப்னு ஹாத்திம் (ரலி) அவர்கள் நாய்களைக் கொண்டு வேட்டையாடுவது பற்றி நபி பெருமானார் (ஸல்) அவர்களிடம் விரிவாகக் கேட்டுத் தெளிந்த செய்தி ஹதீஸ் நூல்களில் உள்ளது. நாய் தான் பிடித்ததில் ஒரு பகுதியைத் தின்றுவிட்டால் அது தனக்காகப் பிடித்தது, உமக்காகப் பிடித்ததன்று. ஆதலால் அதை உண்ணலாகாது. வேறொரு நாய் உடன் சேர்ந்துகொண்டாலும் உண்ணலாகாது. இறைவன் பெயர் கூறி நீர் அவிழ்த்துவிட்டது உம் நாயை மட்டுமே. நாய்களைப் பழக்கி அறிந்தவர்களுக்கு இவ்விதியின் கடுமை நன்கு விளங்கும். ஓடிக் களைத்த வேட்டை நாயொன்று வாய்க்குள் இருக்கும் வெதுவெதுப்பான இறைச்சியைத் தின்னாமல் எசமானனுக்காகக் காத்து நிற்பதென்றால், அது பல மாதப் பயிற்சியின் விளைவாகத்தான் இருக்க முடியும்.

மறுபுறம், வேட்டைக்கோ கால்நடைக்கோ பயிருக்கோ அல்லாமல் நாய் வளர்ப்பவரின் நற்கூலியில் நாள்தோறும் ஒரு ‘கீராத்து’ குறையும் என்னும் ஹதீஸும் உறுதியானது. இதனை அறிவித்தவர்களுள் அபூஹுரைரா (ரலி) அவர்களின் அறிவிப்பில் ‘பயிர்’ என்பதும் இடம்பெற்றிருப்பதைச் சுட்டி, அவர்களுக்கு விளைநிலம் இருந்தது என்று இப்னு உமர் (ரலி) அவர்கள் கூறியதாகவும் வருகிறது. தேவை உள்ளவரே அதைப் பற்றிய விதியை நன்கு நினைவில் வைப்பார் என்பது அதன் கருத்துப் போலும். பெருமானார் காலத்தில் நாய்கள் பள்ளிவாசலுக்குள் வந்து போய்க்கொண்டிருந்தன, அதற்காக எவரும் நீர் தெளித்ததில்லை என்று அறிவிப்பவரும் அந்த இப்னு உமர் (ரலி) அவர்களே. இது புகாரீ ஷரீஃபில் உள்ளது. தாகத்தால் மண்ணை நக்கிய நாய்க்குக் காலணியில் நீர் மொண்டு கொடுத்தவருக்கு மன்னிப்புக் கிடைத்த நிகழ்ச்சியை நம்மில் அறியாதார் இலர்.

இவற்றையெல்லாம் எடைபோட்ட இமாம்கள் ஒரே முடிவுக்கு வரவில்லை. நம் கடற்கரையூர்களில் பெரும்பாலும் பின்பற்றப்படும் ஷாஃபியீ மத்ஹபு நாயின் உடல் முழுவதையும் கடும் அசுத்தம் எனக் கொள்கிறது. உள்நாட்டு ஊர்களில் பரவியுள்ள ஹனஃபீ மத்ஹபில் அதன் எச்சில் அசுத்தமே. உடல் அவ்வாறன்று என்பது ஏற்கப்பட்ட கருத்து. மதீனாவின் இமாம் மாலிக் (ரஹ்) அவர்களோ, அது பிடித்த வேட்டையை உண்கிறோமே, அதன் எச்சிலை மட்டும் எவ்வாறு வெறுப்பது என்று கேட்டவர்கள். அவர்களின் மத்ஹபில் நாய் தூய பிராணி. பாத்திரத்தைக் கழுவுவது கட்டளைக்குக் கீழ்ப்படிதல் என்ற அளவில் நிற்கும். வீட்டுக் காவலுக்கு நாய் வைத்துக்கொள்ளலாமா என்ற வினாவுக்கு, ஹதீஸில் கூறப்பட்ட மூன்று தேவைகளோடு ஒப்பிட்டு, ஆகும் என்பதே சரியான கருத்தென எழுதியவர்கள் ஷாஃபியீ மத்ஹபின் பேரறிஞர் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள், 1277இல் மறைந்தவர்கள். இதனை நம் ஊர்ப் பெரியவர்கள் பலர் கேள்விப்பட்டதில்லை.

மண் கொண்டு கழுவுவதற்கு விஞ்ஞானக் காரணம் கண்டுபிடித்து மகிழும் எழுத்தாளர்கள் உளர். அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை என்பது நம் எண்ணம். வெறிநாய்க் கடியின் கொடுமையை அக்கால மருத்துவர் நன்கறிந்திருந்தனர். ராஸி தம் மருத்துவமனையில் தண்ணீரைக் கண்டு நடுங்கிய நோயாளியைப் பற்றிக் குறித்து வைத்தார். இப்னு ஸீனா தம் ‘கானூன்’ நூலில் வெறிநாயின் அடையாளங்களை விவரித்தார். கடிபட்ட இடத்தைச் சோப்பும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, தாமதமின்றித் தடுப்பூசி போட்டுக்கொள் என்பது இன்றைய மருத்துவர் சொல். மார்க்கக் கட்டளை வேறு, மருத்துவ அறிவுரை வேறு. ஒன்றுக்கு மற்றொன்றைச் சாட்சிக்கு அழைப்பானேன்?

இனி வரலாற்றுக்கு வருவோம்.

அரபுப் பாலையில் இருவகை நாய்கள் உண்டு. பாளையத்தைச் சுற்றித் திரிந்து இரவெல்லாம் குரைக்கும் சாதாரண நாய்க்குக் ‘கல்பு’ என்று பெயர். மற்றொன்று ‘ஸலூகி’. இதனைக் ‘கல்பு’ என்றழைத்தால் பதவிகள் முகம் வாடும். யமனில் இருந்த ஸலூக் என்னும் ஊரின் பெயரால் இது வழங்கப்பட்டது என்று அரபு அகராதியாசிரியர் கூறுவர். வேறு விளக்கம் தருவோரும் உளர். தோள் வரை ஏறத்தாழ 58 முதல் 71 சென்டிமீட்டர் உயரம். சிறிய நீண்ட தலை, ஆழ்ந்த மார்பு, ஒட்டிய வயிறு, தொங்கும் செவி. மணிக்கு அறுபது கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடவல்லது. மோப்பத்தால் அன்றிக் கண்ணால் கண்டு துரத்தும் இனம் இது. மறைவிடமற்ற வெட்டவெளியில் மானைப் பிடிக்க வேறு வழியில்லை அன்றோ.

ஸலூகி கூடாரத்துக்கு உள்ளேயே வாழ்ந்தது என்பதுதான் நாம் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது. குட்டிகளை வளர்த்தவர் பெண்டிர். ஒட்டகப் பாலும் பேரீச்சம்பழமும் வீட்டாரோடு அதற்கும் உணவு. கொதிக்கும் மணலில் பாதம் புண்ணாகாதிருக்க மருதாணி இட்டனர். வேட்டைக்களம் சேரும் வரை அதன் கால் ஓயக்கூடாதென்று ஒட்டகத்தின் மேல் ஏற்றிச் சென்றனர். குட்டி சில மாதம் வளர்ந்ததும் எலியினத்தைச் சேர்ந்த பாலைச் சிற்றுயிர்களைத் துரத்தப் பழக்குவர். பிறகு முயல். ஏறக்குறைய இரண்டாம் ஆண்டில்தான் மானின் முன் விடப்படும். நல்ல ஸலூகியை விலைக்கு விற்பது இழுக்கு. நண்பருக்கோ மதிப்புக்குரிய விருந்தினருக்கோ அன்பளிப்பாகத் தரலாம். பஞ்ச காலத்தில் ஒரு குடும்பத்தின் அடுப்பு எரிவது இந்த நாயின் கால்களைப் பொறுத்தது என்பதை நினைத்தால், இவ்வளவு உபசாரமும் மிகையாகத் தோன்றாது.

வேட்டை நாய்களும் பாலைவன ஓரிக்ஸ் மானும் பொருதும் காட்சி இஸ்லாத்துக்கு முந்திய அரபுக் கவிதையில் மீண்டும் மீண்டும் வருவது. இதில் ஒரு நுட்பத்தைப் பஸராவின் பேரறிஞர் அல்ஜாஹிழ் கண்டு சொன்னார். பாட்டு இரங்கற்பாவாக இருந்தால் நாய்கள் மானைக் கொன்றுவிடும். புகழ்ப்பாவாக இருந்தால் மான் நாய்களைக் குத்திச் சாய்த்துவிட்டுத் தப்பிவிடும். வேட்டையின் முடிவை நாயின் திறமை தீர்மானிக்கவில்லை, புலவரின் தேவை தீர்மானித்தது! 868-69இல் மறைந்த இந்த ஜாஹிழ் எழுதிய ‘கிதாபுல் ஹயவான்’ ஏழு பாகங்களைக் கொண்டது. அதன் முதலிரு பாகங்களில் பெரும்பகுதி நாயின் கட்சிக்காரருக்கும் சேவலின் கட்சிக்காரருக்கும் நடக்கும் வாதம். ஒருவர் நாயின் இழிவுகளை அடுக்குவார்; மற்றவர் ஒவ்வொன்றையும் புரட்டிப்போட்டுப் பெருமையாக்குவார். மார்க்க அறிஞர்கள் இதற்கா நேரத்தைச் செலவிடுவது என்று அக்காலத்திலேயே கேட்டவர்கள் உண்டு. இறைவனின் படைப்பில் அற்பமானது எதுவுமில்லை, ஒவ்வொன்றும் அவன் ஞானத்துக்குச் சான்று என்பது ஜாஹிழின் விடை.

அவருக்குச் சற்று மூத்தவரான அபூநுவாஸ் வேட்டைப் பாட்டைத் தனியொரு வகையாகவே வளர்த்தவர். வேட்டை நாயின் ஓட்டத்தையும் உடற்கட்டையும் அவர் பாடியிருப்பது, அதனோடு நெடுநாள் பழகியவரின் பார்வை. 921இல் பாக்தாதில் மறைந்த இப்னுல் மர்ஸுபான் இன்னும் ஒரு படி மேலே சென்றார். ஆடையணிந்த பலரினும் நாய்கள் மேலானவை என்பதையே தம் நூலுக்குத் தலைப்பாக வைத்தார். தம் காலத்து நட்பின் சீர்கேட்டைக் கண்டு மனம் நொந்து எழுதியது அது. எசமானன் பருகவிருந்த பாலில் பாம்பு நஞ்சு கக்கியதைக் கண்ட நாய், குரைத்தும் பாய்ந்தும் தடுக்க முயன்று, அவர் உணராமற்போகவே தானே அப்பாலைக் குடித்து மாண்டது என்னும் கதையும் அதில் உண்டு. கீரிப்பிள்ளைக் கதை கேட்டு வளர்ந்த நமக்கு இது அந்நியமாகத் தோன்றாது. இந்நூல் 1978இல் ஆங்கில மொழிபெயர்ப்போடு அச்சேறியது.

புலவர்களை விட்டுவிடுவோம்; அவர்கள் எதையும் பாடுவர். மார்க்கப் பற்று மிக்க ஒரு குடும்பத்தில் இப்பிராணிகள் எவ்வாறு இடம் பெற்றன என்பதற்கு உஸாமா இப்னு முன்கித் அவர்களின் நினைவுக் குறிப்புகளை விடச் சிறந்த சான்று வேண்டியதில்லை. உஸாமா 1095இல் பிறந்து 1188இல் மறைந்தவர். சிலுவைப் போர்க்காலத்துச் சிரியாவில், ஒரோண்டிஸ் ஆற்றங்கரையில் இருந்த ஷைஸர் கோட்டையின் ஆளுங்குடும்பத்தவர். அவருடைய தந்தை முர்ஷித், தமக்கு வரவேண்டிய ஆட்சியைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்தவர். தம் கைப்படத் திருக்குர்ஆனை நாற்பதுக்கும் மேற்பட்ட முறை பிரதி எடுத்தவர். நோன்பும் ஓதலும் அவருக்கு ஓயாத பழக்கம். இவ்விரண்டுக்கும் அடுத்து அவருக்கிருந்த ஒரே ஈடுபாடு வேட்டை. குதிரை மேல் அமர்ந்து வேட்டைக்குப் போகும்போதும் அவர் நா குர்ஆனை ஓதிக்கொண்டிருக்கும் என்று மகன் எழுதுகிறார்.

வடக்கே மலைக்கணவாய்களை ஆண்ட அர்மீனிய அரசர்கள் கிறிஸ்தவர்கள். அவர்களோடு முர்ஷிதுக்கு நீங்காத நட்பு. அதன் காரணம் வேட்டைப் பறவைகள். ஆண்டுதோறும் பத்து வல்லூறுகளைக் கையில் ஏந்தி அர்மீனியப் பணியாளர்கள் நடந்தே ஷைஸருக்கு வந்து சேர்வார்கள். ‘ஸகாரி’ எனப்பட்ட வேட்டை நாய்களும் கூட வரும். பதிலுக்கு இங்கிருந்து குதிரைகளும் நறுமணப் பொருள்களும் எகிப்திய ஆடைகளும் போகும். சிலுவைப் போர் நடந்துகொண்டிருந்த காலத்திலே இது நடந்தது என்பதை வாசகர் மறக்கலாகாது.

அவ்வீட்டில் வேட்டைச் சிறுத்தை ஒன்றும் இருந்தது. மரங்களில் ஏறும் சிறுத்தைப்புலியன்று. மான் துரத்தும் சீட்டா. அதற்குத் தனிப் பணிப்பெண், முற்றத்தில் மெத்தை. அதே முற்றத்தில் இருபது மான்கள் மேய்ந்துகொண்டிருக்கும்; அவற்றை அது ஏறிட்டும் பார்ப்பதில்லை. வேட்டைக்களத்தில் கண்ட மாத்திரத்தில் மானை வீழ்த்தும் பிராணி, வீட்டு மானை விட்டுவைத்தது! ஒருநாள் மெத்தையை நனைத்துவிட்டதற்காகப் பணிப்பெண் அதைத் தட்டிக் கண்டித்ததையும் உஸாமா நகைப்போடு எழுதிவைத்திருக்கிறார். எண்ணூறு ஆண்டுக்கு முந்திய ஒரு முஸ்லிம் வீட்டின் முற்றம் இவ்வாறு நம் கண்முன் வருகிறது.

ஸலூகி வேகத்துக்கு. வலிமைக்கு வேறொரு இனம் வேண்டும். அதைத் தேடி உஸ்மானியத் துருக்கிக்குப் போக வேண்டும்.

உஸ்மானியப் பேரரசின் பெருமைமிகு படையான ஜானிஸரிகளைப் பற்றிப் படித்தவர் பலர். அப்படையின் பிரிவுகள் சில நாய்களின் பெயரால் வழங்கின என்பது பலருக்கு வியப்பூட்டும். ‘ஸெக்பான்’ என்றால் பாரசீகத்தில் நாய்க்காவலன். ‘ஸக்’ என்பது நாய், ‘பான்’ என்பது காப்பவன். சுல்தான்களின் வேட்டை நாய்களைப் பேணிய இவர்களை 1451இல் இரண்டாம் முஹம்மது, பின்னாளில் குஸ்தன்துனிய்யாவை வென்ற அதே சுல்தான், ஜானிஸரிப் படையோடு இணைத்தார். மோப்ப நாய்களைப் பேணிய ‘ஸகார்ஜி’கள் 64ஆம் பிரிவு, மேலே ஷைஸரில் கண்ட ‘ஸகாரி’ என்னும் சொல்லோடு இதன் ஒற்றுமை கவனிக்கத்தக்கது. 71ஆம் பிரிவினர் ‘சம்சூன்ஜி’கள். சம்சூன் என்பது கரடியையும் காட்டுப்பன்றியையும் எதிர்த்து நிற்கும் பேருடல் நாய். நாய்க்காரர் தலைவன் என்னும் பட்டம் காலப்போக்கில் பெரும் படைத்தளபதிகளின் பட்டமாயிற்று. நாய்கள் மறைந்த பின்னும் பட்டம் மறையவில்லை. 1808இல் அலம்தார் முஸ்தஃபா பாஷா அமைத்த புதுமுறைப் படைக்கும் ‘புதிய ஸெக்பான்கள்’ என்றே பெயர். ஜானிஸரிப் படை 1826இல் கலைக்கப்பட்டது.

1638இல் நான்காம் முராத் சுல்தானின் முன்னிலையில் இஸ்தன்பூலின் தொழிலாளர் சங்கங்கள் அனைத்தும் ஊர்வலம் வந்தன. அதைக் கண்டு எழுதியவர் ஊர்சுற்றி எவ்லியா செலபி. ஆட்டிடையர்கள் கழுதையளவு பெரிய நாய்களை நடத்தி வந்தனராம். அவற்றுக்கு விலையுயர்ந்த போர்வை, வெள்ளிக் கழுத்தணி, அதைச் சுற்றிக் கூர்மையான இரும்பு முட்கள். அவற்றின் பெயர்களையெல்லாம் எவ்லியா பட்டியலிடுகிறார். கராபாஷ் என்பது அவற்றுள் ஒன்று. சம்சூன் நாயொன்றுக்கு ஐந்நூறு ஆடுகள் வரை விலை கொடுத்தனர் என்றும், குலம் கலவாமல் அவற்றைப் பேணினர் என்றும், குகைத் தோழர்களின் நாயுடைய வழித்தோன்றல்கள் இவை என இடையர் நம்பினர் என்றும் அவர் எழுதுகிறார். அந்நாய்களைத் தோழராகவும் உடன்பிறப்பாகவும் கருதி ஒரே தட்டில் உண்பதற்கும் இடையர் தயங்கவில்லையாம். எவ்லியா மிகைப்படுத்துவதில் வல்லவர். ஐந்நூறு ஆட்டில் நூறைக் குறைத்துக்கொண்டாலும் தவறில்லை. கித்மீரின் மேல் உஸ்மானியர் கொண்ட பற்றுக்கு மட்டும் வேறு சான்றும் உண்டு. குகைத் தோழர் எழுவரின் பெயர்களோடு அந்நாயின் பெயரையும் சேர்த்துக் கப்பல் வடிவில் எழுதும் எழுத்தோவியக் கலை அங்கே நிலவியது. ஹிஜ்ரி 1180இல், அதாவது 1766-67இல், அப்துல் காதிர் ஹிஸாரி தீட்டிய அத்தகைய ஓவியம் ஒன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் உள்ளது.

இதே இஸ்தன்பூலில் 1910இல் நடந்ததை எழுதக் கை கூசுகிறது. நகரை ஐரோப்பிய முறையில் அழகுபடுத்த விழைந்த புதிய ஆட்சியாளர், தெருநாய்களை ஆயிரமாயிரமாகப் பிடித்து, மர்மராக் கடலில் நீரும் நிழலுமற்ற சிவ்ரியாடா என்னும் பாறைத்தீவில் கொண்டுபோய் விட்டனர். அவை பசியாலும் தாகத்தாலும் மடிந்தன. பல நூற்றாண்டு காலம் அந்நாய்களுக்கு ரொட்டி வாங்கிப் போட வக்ஃபு எழுதி வைத்த நகரம் அது.

நம் நாட்டு மொகலாயரையும் சிறிது பார்ப்போம். அக்பர் நாய்களை மிக விரும்பினார், எல்லா நாடுகளிலிருந்தும் வரவழைத்தார், காபூலை அடுத்த ஹஸாராப் பகுதி நாய்கள் சிறந்தவை எனப் பெயர் பெற்றன என்று ‘ஆயினே அக்பரி’யில் அபுல் ஃபஸ்ல் எழுதுகிறார். அவை புலியையும் எதிர்க்குமாம். அதே அரசவையிலிருந்த பதாயூனி இதைக் கண்டு கொதித்தார்; அரண்மனைக்குள் நாய்கள் உலவுவதையும், அவற்றை அசுத்தமென எண்ணாத போக்கையும் மார்க்க விரோதம் எனச் சாடினார். பெரியவரும் பிள்ளையும் இன்று நம் வீட்டு வாசலில் நடத்தும் வழக்கு, பதினாறாம் நூற்றாண்டில் ஃபதேபூர் சிக்ரியிலேயே நடந்திருக்கிறது.

ஜஹாங்கீரின் காலத்தில், 1615இல், ஆங்கிலத் தூதர் ஸர் தாமஸ் ரோ வந்தார். அவருடைய பாதிரியாராக இருந்த எட்வர்டு டெரி எழுதியுள்ள செய்தி சுவையானது. இங்கிலாந்திலிருந்து ‘மாஸ்டிஃப்’ என்னும் பேருருவ நாய்கள் சில கப்பலேறின. கடற்பயணத்தில் பல மாண்டு, இரண்டே எஞ்சின. வழியில் அவற்றுள் ஒன்று கட்டவிழ்ந்து பெரிய யானையொன்றின் மேல் பாய்ந்து துதிக்கையைக் கவ்விக்கொண்டதாம். ஜஹாங்கீர் ஒவ்வொரு நாய்க்கும் நான்கு பணியாளரை நியமித்தார். இருவர் பல்லக்கில் சுமக்க, இருவர் ஈ ஓட்டினர். தம் கையாலேயே உணவூட்ட விரும்பிய பாதுஷா, அதற்கென வெள்ளி இடுக்கி ஒன்று செய்வித்தார். அந்த இடுக்கியை நாம் கவனிக்க வேண்டும். அன்பு இருந்தது, எச்சில் கையில் படலாகாது என்ற எண்ணமும் இருந்தது என்றே நமக்குத் தோன்றுகிறது.

பிற்காலத்து ஜூனாகத் நவாபு மூன்றாம் மஹாபத் கான் நூற்றுக்கணக்கான நாய்களை வளர்த்து, ஒரு நாய்க்குத் திருமணமும் நடத்தியதாகச் சொல்லப்படும் கதைகள் பத்திரிகைகளுக்கு நல்ல தீனி. குடிமக்களின் வரிப்பணத்தில் நடந்த அக்கூத்தை மேலே கண்ட வரலாற்றோடு சேர்க்க நமக்கு மனம் வரவில்லை.

இந்தப் பேருருவ நாய்களை வளர்த்த முறையிலும் நாம் அறியத்தக்கன உண்டு. துருக்கியின் சிவாஸ் மாகாணத்தில் கங்கால் என்னும் ஊரின் பெயரால் வழங்கும் காவல் நாய் இன்றும் ஆட்டு மந்தைகளோடு வாழ்கிறது. வளர்ந்த ஆண் நாய் தோள் வரை முக்கால் மீட்டர் உயரம், ஐம்பது கிலோவுக்குக் குறையாத எடை. குட்டிப் பருவத்திலேயே மந்தையோடு விட்டுவிடுவர். ஆடுகளையே தன் இனமாகக் கருதி அது வளரும். ஓநாய் கவ்வுவது கழுத்தை என்பதால் எவ்லியா கண்ட அதே இரும்பு முட்பட்டை அதன் கழுத்தில் இன்றும் உண்டு. வாற்கோதுமை மாவை வெந்நீரில் பிசைந்த ‘யால்’ என்னும் கூழ்தான் அதன் பழைய உணவு. அத்தனை வலிமைக்கு இறைச்சிக் குவியல் தேவைப்படவில்லை.

பெரிய இன நாய்க்கு உடல் முழுவளர்ச்சி பெற ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு பிடிக்கும். அதற்குள் கொழுக்க வைத்தாலோ, படிகளில் ஏற்றி இறக்கி ஓட விட்டாலோ இடுப்பு மூட்டு கெடும். வயிறு புடைக்கத் தின்ற உடனே ஓடினால் இரைப்பை முறுக்கிக்கொண்டு சில மணி நேரத்தில் இறந்துபோகவும் கூடும். சிறு நாய் பதினைந்து ஆண்டு வாழும் வீட்டில் பெரு நாய் பத்துப் பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் வாழ்வது அரிது. ஸலூகியை இரண்டாம் ஆண்டு வரை மான் வேட்டைக்கு விடாத பதவிப் பெண்ணுக்குக் கால்நடை மருத்துவர் யாரும் இதைச் சொல்லித்தரவில்லை. இன்று ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து வாங்கி, நான்கடிச் சங்கிலியில் இரவும் பகலும் மாடிப்படியின் கீழே கட்டிவைக்கும் இளைஞரிடம், அதன் வேலை என்ன என்று நாம் கேட்கக் கடமைப்பட்டிருக்கிறோம். வேட்டை, கால்நடை, பயிர் என்று ஹதீஸ் எண்ணிச் சொன்னவை யாவும் வேலைகள். வேலையற்ற நாயை வைத்திருப்பவரின் கூலி குறைவது ஒருபுறமிருக்க, வேலையற்ற நாயின் துன்பமும் சிறிதன்று. பெரியவருக்கும் ஒன்று சொல்வோம்: முற்றத்துக்கு வெளியே தனிக் கூடும், பள்ளிக்குச் செல்லும் ஆடை தீண்டப்படாத ஒழுங்கும், உணவுப் பாத்திரம் வேறாக இருப்பதும் பிள்ளை ஒப்புக்கொண்டால், வாசலோடு திரும்பிப் போகவேண்டிய அவசியம் என்ன? தொழுகைக்கு ஓர் அறையைத் தனியே ஒதுக்கித் தருவதும் பிள்ளையால் ஆகாத காரியமன்று.

ஸலூகிகள் 1895இல் ஃபுளோரன்ஸ் ஆம்ஹர்ஸ்ட் என்னும் சீமாட்டியின் வழியே இங்கிலாந்துக்குச் சென்று, 1923இல் அந்நாட்டு நாய் வளர்ப்போர் கழகத்தின் ஏற்பைப் பெற்றன. இன்று ஐரோப்பிய வீடுகளில் சோபாவின் மேல் உறங்கும் ஸலூகிகளும் உண்டு. கங்கால் இனத்துக்கு நேர்ந்தது வேறு. தென்மேற்கு ஆப்பிரிக்காவின் நமீபியாவில் ஆடு மாடு வளர்ப்போர், தங்கள் கால்நடைகளைப் பிடிக்கின்றன என்பதற்காகச் சீட்டாக்களைச் சுட்டுக் கொன்றுவந்தனர். அவ்வினத்தைக் காக்க முனைந்த அமைப்பொன்று 1994இல் துருக்கிய மந்தை நாய்களைக் கொண்டுவந்து விவசாயிகளுக்கு வழங்கத் தொடங்கியது. பேருருவ நாயின் குரைப்பைக் கேட்ட சீட்டா விலகிப் போகும். ஆடும் பிழைக்கும், சீட்டாவும் பிழைக்கும். கங்கால் இடையர் செய்வது போலவே, அங்கேயும் குட்டியைச் சில வார வயதில் ஆட்டுப் பட்டிக்குள் விட்டுவிடுகிறார்கள்.